வளராத கை

மழை விட்டால் பனி இறங்கும், பனி விலகினால் மழை வந்து நிற்கும் என்றிருக்கிற கறுப்பங்கல் தோட்டத்தில், மலை சரிந்து விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, யோகமலர் என்பவள் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கோதுமை மாவில் தோரணப் பொம்மை செய்தாள், அதிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

யோகமலர் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள், பொழுது சாய வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் மூக்கைத் துடைப்பதும் குண்டி கழுவுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவள் பாடு. அவள் ஏதோ பயிற்சிக்கு என்று டவுனுக்குப் போய்வந்தவள், ஆளுக்கு ஒரு பிடி மா கொண்டாங்கடி, பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குத் தொங்கவிட ஒரு சாமான் செய்யப்போகிறேன் என்றபோது, ரொட்டி சுடுகிற மாவை விளையாடக் கேட்கிறாளே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போனார்கள்.

புஷ்பலீலா அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. முந்தின நாள் வழுக்கிக் கால் வீங்கியிருந்ததால், நாலு வயது மகன் தினுஷனோடு பிள்ளைக் காம்பராவிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யோகமலர் பெரிய அலுமினியச் சட்டியில் மாவைக் கொட்டி, அதில் பாதி உப்பைக் கொட்டி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விட, பிள்ளைகள் நாலாபக்கமும் கையை விட்டுப் பிசைந்தார்கள். ஒருத்தி உருண்டையை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்ப, அதைப் பார்த்து மற்ற எல்லாரும் போட்டுப் பார்த்துத் துப்பினார்கள். மீன் செய்தார்கள், நட்சத்திரம் செய்தார்கள், ஒருவன் பஸ் என்று சொல்லி ஒரு செங்கல்லைச் செய்தான். கடைசியில் யோகமலர் ஒவ்வொருவருக்கும் ஒரு மா வட்டத்தைத் தட்டி, அதில் பிள்ளையின் கையை விரித்து அழுத்தி, விரல் விரலாக ஓரத்தை வெட்டி எடுத்து, அடியில் ஈர்க்கால் ஒரு துளை போட்டாள்.

தினுஷனுக்குக் கூச்சம். கையை வைப்பதும் சிரித்துக்கொண்டு இழுப்பதுமாக இருந்தான். புஷ்பலீலாதான் நொண்டிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"இதுக்குப் பசிக்குமாம்மா?"

"பசிக்காது. இது சும்மா கை."

"அப்ப இதுக்குக் குளுருமா?"

"உங்கம்மாவுக்கு என்னாடா தெரியும்?" என்றாள் யோகமலர். "எங்கிட்ட கேளு. குளிரும். அதான் வெயில்ல வைக்கப்போறேன்."

தகரக் கூரையில் வெயில் காட்டி, இடையில் மழை வந்தபோது அடுப்போரம் காட்டி, காய்ந்த கைகளுக்கு மஞ்சளும் பீட்ரூட் சாறும் தேயிலைச் சாயமும் பூசி, சிவப்பு நூல் கோத்துக் கொடுத்தனுப்பினாள். அந்தத் தீபாவளிக்குக் கறுப்பங்கல் லயங்களில், அந்த வரிசை வீடுகளின் வாசல்களில், குட்டிக் குட்டிக் கைகள் வரிசையாகத் தொங்கின, காற்றில் வா வா என்று கூப்பிடுவதுபோல ஆடின.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. விடாமல் பெய்த மழையில் ஒரு காலை, பெண்கள் எதிர்மலையில் கொழுந்தோடு நிற்கையில், பெரிய லொறி ஒன்று ரிவர்ஸ் எடுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் மலை ஒரு பக்கமாக இறங்கி நடந்து போய்க்கொண்டிருந்தது. பிள்ளைக் காம்பரா இருந்த இடத்தில் சிவப்புச் சேறு கொதித்தது. ஆர்மிக்காரர்கள் வந்து தோண்டினார்கள், மறுபடி மழை வந்தது, மறுபடி தோண்டினார்கள், பிறகு இதற்கு மேல் தோண்டினால் தோண்டுகிறவனும் போவான் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஐயரும் ஃபாதரும் விகாரையிலிருந்து ஹாமதுருவும் வந்து ஓரத்தில் நின்று வேண்டினார்கள். யோகமலரும் தினுஷனும் மற்றப் பிள்ளைகளும் அந்த மண்ணுக்குள்தான் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். சரிவின் ஓரங்களில் அடிபட்டுக் கிடந்த சிலரை மட்டும், வந்த வேனிலும் லொறியிலும் தூக்கிப் போட்டு அனுப்பியிருந்தார்கள், எந்த வண்டி எந்த ஊருக்குப் போனது என்று அந்த அவசரத்தில் யாரும் கேட்டு வைக்கவில்லை.

மலைக்கு இந்தப் பக்கமிருந்த லயங்கள் தப்பின, ஆனால் அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லி எல்லாரையும் மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோரில் கொண்டுபோய் விட்டார்கள். மேல்மாடியில் தகரமும் அட்டையும் வைத்துத் தடுத்து, குடும்பத்துக்கு ஒரு கட்டம். வாசலில் தொங்கிய கையை மட்டும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு தாயும் கழற்றிக் கொண்டுவந்து தன் கட்டத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள்.

கை வளர்கிறது என்று முதலில் கண்டவள் தெய்வானை, புஷ்பலீலாவுக்குப் பக்கத்துக் கட்டத்துக்காரி. அவள் மட்டும் தன் மகள் வினோதினியின் கையை ஆணியில் மாட்டாமல் பவுடர் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள், ஒருநாள் எடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வைக்கப்போனால் டப்பா மூடவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த வயசுல புள்ளைங்க சடசடன்னு வளரத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பெரிய டப்பா இருக்கிறதா என்று பக்கத்துக் கட்டங்களில் கேட்டாள். கேட்டபோது அவர்களும் தங்கள் ஆணியைப் பார்த்தார்கள். எல்லாக் கையும் வளர்ந்துதான் இருந்தது, நூலெல்லாம் இறுகிப்போயிருந்தது.

அதன் பிறகு அந்த மாடியில் வாழ்க்கை அதற்கேற்றபடி நடந்தது. மழைக்காலத்தில் மா இளகும் என்று கைகளை அடுப்படிக்குக் கொண்டுபோய், சளிப் பிடித்த பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துச் சூடு காட்டினார்கள். எறும்புக்கு மஞ்சள் தடவினார்கள். கை வளர வளரச் சந்தையில் அளவுக்கு வளையல் வாங்கிப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்தபோது பூசாரியைக் கூப்பிட்டு, தாம்பாளத்தில் அரிசி பரப்பி, மாவிரலைப் பிடித்து அதில் அகரம் எழுதவைத்தார்கள். அரசாங்கம் கட்டித் தருவதாகச் சொன்ன புதுவீட்டுக்குத் தலை எண்ண வந்த அதிகாரி ஒருவர், இது என்ன இத்தனை பேர் கூடுதலாகச் சொல்கிறீர்கள் என்று கோபித்தார். தெய்வானை ஒரு கையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்டார். தோட்டத்துத் துரையும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பதினெட்டு ஆனதும் மலை வேலைக்குப் பேர் பதியலாமா என்று கணக்கப்பிள்ளையிடம் விசாரித்தாராம்.

புஷ்பலீலாவின் ஆணியில் தொங்கிய கை மட்டும் வளரவில்லை.

காய்ந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, அவளுடைய உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவில் இருந்தது. பெண்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். நல்லெண்ணெய் தடவிப் பார் என்றார்கள், நேர்ந்துகொள் என்றார்கள், நீ சரியாகக் கவனிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவளும் உண்டு. அவள் எண்ணெய் தடவினாள், நேர்ந்தாள், இராப்பட்டினி கிடந்தாள். மலையில் நிற்கும்போது மற்றவர்கள் என் மகன் விரல் நீண்டுவிட்டது, என் மகள் கையில் ரேகை ஓடுகிறது என்று பேசிக்கொள்ள, அவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிரைக்கு நகர்ந்துவிடுவாள். செத்த பிறகும் தன் பிள்ளை தன்னிடத்தில் வளரப் பிடிக்காமல் இருக்கிறானே, அப்படி என்ன செய்துவிட்டேன் என்று அவளுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. புருஷன் சிவபாலனிடம் அதைச் சொன்னபோது அவன், "மாவு சரியில்லையோ என்னமோ" என்றான்.

வருஷங்கள் போய்ப் புதுவீடுகள் ஒருவழியாகக் கிடைத்தன. சாமான் மாற்றுகிறபோது, மாரியாயி என்பவள் ஒரு தகரப்பெட்டியின் அடியில் தன் மகன் கபிலனின் கையைக் கண்டெடுத்தாள். கபிலனுக்குச் சரிவு வந்த அன்று காய்ச்சல், அவன் பிள்ளைக் காம்பராவுக்குப் போகவில்லை, தப்பிவிட்டான், இப்போது பள்ளிக்கூடத்தில் பந்தடித்துப் பல்லை உடைத்துக்கொண்டு திரிகிறவன். மகனே கண்முன் நிற்கும்போது மாக்கையை யார் தேடுவார்கள், அது பெட்டியில் கிடந்தது. மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கிறபோது மாரியாயி அதை எல்லாருக்கும் காட்டிச் சிரித்தாள்.

"இங்க பாருங்களேன், எங்க கபிலன் கைய. அன்னைக்கு இருந்த மாதிரியே இத்தினியோண்டா கெடக்கு."

யாரோ ஒருத்தி தானும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அதை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொருத்தியாகத் தலையைத் திருப்பி, வரிசையின் கடைசியில் நின்ற புஷ்பலீலாவைப் பார்த்தார்கள்.

அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

"என்னாங்க, அவன் இருக்கான். என் புள்ள உசுரோட இருக்கான்" என்று அவள் வாசலில் நின்று கத்தியபோது, சிவபாலன் பாதிச் சவரத்தில் இருந்தான். நுரை பூசிய கன்னத்தோடு ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றவன், முகத்தைக் கழுவாமலே கையைக் கழற்றி எடுத்தான்.

அன்றிலிருந்து அவர்கள் தேடினார்கள். கையைப் பஞ்சில் பொதிந்து பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிற மடம் மடமாக, கோவில், பள்ளிவாசல், விகாரை, பஸ் ஸ்டாண்ட் என்று போனார்கள். எங்கே போய் டின்னைத் திறந்தாலும் ஆட்கள் அந்தக் கையின் அளவைப் பார்த்துவிட்டு நாலு வயதுப் பிள்ளையாகத் தேடினார்கள். இல்லை, இப்போது பெரியவனாகியிருப்பான், எவ்வளவு பெரியவன் என்று எனக்குத் தெரியாது என்று அவள் தன் உடைந்த சிங்களத்தில் சொல்லிச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. ஒரு சந்திக் கடையில் சிங்களப் பெண் ஒருத்தி கையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, காசு வாங்காமல் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பஸ் ஜன்னல்களைப் பிடித்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துப் பார்த்து, புஷ்பலீலாவுக்கு ஆட்களின் முகத்தைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போனது.

சிவபாலன் கொழும்பில் ஒரு துணிக்கடை வாசலில் காவல்காரனாகச் சேர்ந்தான். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தத் தெருவில் நடப்பார்கள், நான் நின்று பார்க்கிறேன் என்று சொல்லிப் போனவன், பெருநாளுக்குத்தான் வருவான்.

தோட்டத்தில் அவளை முன்பு பரிதாபமாகப் பார்த்த கண்கள் மாறிவிட்டன. அவள் மலையில் களைத்து உட்கார்ந்தால், "உனக்கென்னா, ஒம் மவன் இருக்கான்" என்றார்கள். கைகளுக்கு நடக்கிற விசேஷங்களுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. தெய்வானை மட்டும் கூப்பிட்டாள், வினோதினியின் கைக்குச் சடங்கு வைத்தபோது. மா விரல்களுக்கு மருதாணி இட்டு, பட்டுச் சீலை விரித்த நாற்காலியில் கையை வைத்து, பெண்கள் ஆலத்தி சுற்றினார்கள். பின்வரிசையில் நின்ற புஷ்பலீலா, பெண்பிள்ளையின் நீண்டு மெலிந்த அந்தக் கையைப் பார்த்தாள். தெய்வானை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டதைப் பார்த்தாள். சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

மறுநாள் மலையில் தெய்வானை அவளுடைய நிரைக்கே வந்து சேர்ந்தாள்.

"ஏன் லீலாக்கா சாப்புடாம போயிட்டீங்க?"

"ஒன்னுமில்ல."

"பொய் சொல்லாதீங்க."

இருவரும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி முதுகுக் கூடையில் போட்டார்கள்.

"எனக்கு அலுத்துப்போச்சி தெய்வானை" என்றாள் புஷ்பலீலா. "நீ ஒக்காந்த எடத்துல ஒம் புள்ளைய வளக்குற. எனக்கு இந்தச் சீமை முழுக்க அலையணும். அவன் தின்னானா இல்லையா, யாருகிட்ட அடி வாங்குறான்னு நெனச்சிக்கிட்டே நான் திங்கணும். சில நேரம் அந்தக் கையப் பாத்து, நீயும் வளந்துடேன்னு…" அவள் நிறுத்திவிட்டாள்.

தெய்வானை கிள்ளுவதை விட்டுவிட்டு அவளை நேராகப் பார்த்தாள். "மாத்திக்கிறீங்களா? என் கைய நீங்க எடுத்துக்குங்க, ஒங்க கைய நான் எடுத்துக்குறேன். சொல்லுங்க. இன்னைக்கே மாத்திக்குவம்."

புஷ்பலீலா கிள்ளிய கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தெய்வானை அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், பிறகு தானே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கங்காணி வருகிறார், கொழுந்தில் கையைப் போடுங்க அக்கா என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்படியே இன்னும் சில மழைக்காலங்கள் போயின. கபிலனுக்கு மீசை அரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வெளியே நல்ல வெயில், புஷ்பலீலா, மறுபடி ஆணியில் மாட்டிவைத்திருந்த கைக்குக் கீழே உட்கார்ந்து, சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சிவப்பு நூல் அறுந்து, கை அவள் மடியிலிருந்த சுளகில், அரிசிக்கு நடுவில் விழுந்தது.

அது வளர்ந்துகொண்டிருந்தது. மற்றக் கைகள் வருஷக்கணக்கில் வளர்ந்ததை அது அந்தப் பகலுக்குள் வளர்ந்தது. பிசைந்து மூடி வைத்த மா பொங்குவதுபோல உள்ளங்கை உப்பியது, விரல்கள் ஒவ்வொரு கணுவாக நீண்டன, காய்ந்த தோல் வெடித்து வெடித்து மூடியது. அவள் அதன் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். "வேணாம்டா" என்றாள். "போதும். நில்லு. அம்மா சொல்றேன்ல, நில்லு." அவள் கைகளைத் தள்ளிக்கொண்டு அது வளர்ந்தது. அவளுடைய கையின் அளவுக்கு வந்தது, அதையும் தாண்டியது, பொழுது சாய்கிற நேரத்தில்தான் நின்றது. ஓர் இளவட்டத்தின் அகலமான கை. இவ்வளவு பெரியவனாக இருந்திருக்கிறான் என்று அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

சிவபாலனுக்குப் போன் போட்டாள். கடைத்தெரு இரைச்சல் கேட்டது. அவள் சொன்னாள்.

"என் கைய விடப் பெருசா?" என்றான்.

"ஆமாங்க."

"சரி. வாறேன்."

செய்தி வீட்டுக்கு வீடு போய், பெண்கள் மஞ்சளும் எண்ணெயுமாக வந்து வீட்டை நிறைத்தார்கள். வந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து இடம் விட்டு நகர்ந்து, இத்தனை வருஷம் அவளுக்குக் கொடுக்காத இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். மாரியாயி மட்டும் உள்ளே வராமல் கபிலனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தெய்வானை புஷ்பலீலாவின் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

புஷ்பலீலா அழவில்லை. கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு, ஒழுங்காகத் தையல் போட்டு ஆறியது. மணிக்கட்டில் மந்திரித்த நூல் கட்டியிருந்த தடம். உள்ளங்கையில் காய்ப்பு. அவள் விரல் நுனிகளுக்கு வந்தாள், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"நிறுத்துங்க. செத்த நிறுத்துங்க."

ஒப்பாரி நின்றது.

"இந்த நகத்தப் பாருங்க" என்றாள். "வலக் கை. வலக் கை நகத்த ஒருத்தன் தானே இம்புட்டு நேரா வெட்ட முடியாது. இது யாரோ வெட்டி விட்டது. நேத்தோ முந்தா நாளோ வெட்டியிருக்கு. படுத்துக் கெடந்திருக்கான் என் புள்ள, பக்கத்துல ஒருத்தி ஒக்காந்து, கையப் புடிச்சி, ஒவ்வொரு வெரலா வெட்டி விட்டிருக்கா."

விளக்கை யாரோ தூண்டிவிட்டார்கள்.

"தையல் போடக் கூட்டிட்டுப் போயிருக்கா. நூல் கட்டி விட்டிருக்கா. தமிழோ சிங்களமோ, எந்த ஊர்க்காரியோ. இந்நேரம் எங்க ஒக்காந்து நெஞ்சில அடிச்சிக்கிறாளோ." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நமக்காச்சும் வச்சிக்க ஒரு கை இருக்கு தெய்வானை. அவளுக்கு என்னா இருக்கு?"

தெய்வானை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமி, விட்ட இடத்திலிருந்து எடுக்காமல், ஒப்பாரியைப் புதிதாக முதலிலிருந்து எடுத்தாள், "பேரு தெரியாத மவராசி, என்னப் பெத்த தங்கச்சி" என்று எந்தச் சீமையிலோ இருந்தவளைக் கூப்பிட்டு. புஷ்பலீலா மகனின் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவளுக்காக அழத் தொடங்கினாள்.